இங்கிலாந்து வந்தாச்சா? நல்ல இவாஞ்சலிக்கல் ஆங்கிலிக்கன் சர்ச் கண்டுபிடிச்சு அதுல சேர்றது எப்படி

நர்ஸ் வேலை, ஐடி, மாஸ்டர்ஸ்னு நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து சி.எஸ்.ஐ ஆளுங்க இங்கிலாந்துக்கு வந்துக்கிட்டேதான் இருக்காங்க. வந்த முதல் மாசத்துலயே நிறைய பேர் ஒரு முடிவுக்கு வந்துடுறாங்க, "இங்க சபையெல்லாம் செத்துப்போச்சு"ன்னு. எப்படி தெரியும்னு கேட்டா, மேப்ல பாத்து வீட்டுக்கு பக்கத்துல இருக்கற கல் கோபுரம் வச்ச சர்ச்சுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போயிருப்பாங்க, வயசானவங்க ஒரு பன்னெண்டு பேர், எட்டு நிமிஷ பிரசங்கம், அதுவும் சுற்றுச்சூழல் பத்தி, முடிஞ்சதும் வெளிய வந்துட்டாங்க, அவ்வளவுதான். அப்புறம் விடியக்காலம் எந்திச்சு ஊர் கோயில் ஆராதனையை யூட்யூப்ல லைவா பாக்குறது, இல்லன்னா மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு ட்ரெயின் மாறி தமிழ் ஐக்கியத்துக்கு போறது. ரெண்டும் தப்பில்ல, ஆனா அதே ஊர்ல ரெண்டு மைல் தள்ளி முந்நூறு பேர் பைபிளை திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கற ஒரு ஆங்கிலிக்கன் சபை இருக்கலாம், அது உங்க கண்ணுல படலைங்கறதுதான் விஷயம்.

இவாஞ்சலிக்கல்னா பைபிளையும் சுவிசேஷத்தையும் மையமா வைக்கிற வழி, ஆங்கிலிக்கன்னா சர்ச் ஆஃப் இங்கிலாந்து குடும்பத்து சபை. அப்படி ஒண்ணைக் கண்டுபிடிக்கிறது எப்படி, போனப்புறம் விருந்தாளி மாதிரி கடைசி பெஞ்சுலயே உக்காந்திராம உள்ள சேர்றது எப்படி, ரெண்டையும் சொல்றேன். ரெண்டாவதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல.

முதல்ல ஒண்ணு, நீங்க வெளியாளு இல்ல. 1947 செப்டம்பர் 27 சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல தென்னிந்திய திருச்சபை உருவானப்போ அதுல சேர்ந்த சபைகள்ல ஆங்கிலிக்கன் சபையும் ஒண்ணு, இன்னைக்கு சி.எஸ்.ஐ ஆங்கிலிக்கன் ஐக்கியத்துல ஒரு உறுப்பு சபை. திருநெல்வேலிக்கு சி.எம்.எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிகள அனுப்பினதே இங்க உள்ள இவாஞ்சலிக்கல் ஆங்கிலிக்கன் கூட்டம்தான், 1799ல லண்டன்ல ஆரம்பிச்ச சங்கம் அது, பாளையங்கோட்டைக்கு 1820ல ரேனியஸ் ஐயர் வந்தது அவங்க மூலமாத்தான். அதனால "இது வெள்ளக்காரங்க சர்ச், நமக்கு சரிப்படுமா"ன்னு யோசிக்க வேண்டாம். நற்கருணைக்கும் தயங்காம போகலாம், ஞானஸ்நானம் வாங்கி சொந்த சபையில நற்கருணை எடுக்கறவங்களுக்கு சர்ச் ஆஃப் இங்கிலாந்து சட்டத்துலயே இடம் இருக்கு.

தேடுறது எங்க

சர்ச் ஆஃப் இங்கிலாந்துக்குன்னு "ஏ சர்ச் நியர் யூ"ன்னு ஒரு வெப்சைட் இருக்கு, அதுல போஸ்ட்கோடு போட்டா நீங்க எந்த பேரிஷ்ல குடியிருக்கீங்க, சுத்தி என்னென்ன சர்ச் இருக்கு, ஆராதனை எத்தனை மணிக்குன்னு எல்லாம் வரும். இங்க நாடு முழுக்க பேரிஷ் பேரிஷா பிரிச்சிருக்கு, நம்ம ஊர் சேகரம் மாதிரி, ஆனா சேகரம்னா கிறிஸ்தவங்க மட்டும்தான் கணக்கு, இங்க அந்த எல்லைக்குள்ள குடியிருக்கற எல்லாருமே அந்த பேரிஷ் குருவோட, அதாவது விகாரோட, பொறுப்பு, சர்ச் பக்கமே வராதவங்களும் சேர்த்துத்தான். நீங்க உங்க பேரிஷ் சர்ச்சுக்குத்தான் போகணும்னு கட்டாயம் இல்ல, பக்கத்து பேரிஷுக்கும் போகலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா எது உங்க பேரிஷ்னு குறிச்சு வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

இப்போ வெப்சைட்ட பாத்து சர்ச்சோட போக்கு எப்படின்னு கண்டுபிடிக்கணும். வெளிய போர்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான், சர்ச் ஆஃப் இங்கிலாந்து, ஆனா உள்ள இருக்கறது ஒரே மாதிரி இல்ல. பாரிஷ் மாஸ், ஃபாதர் இன்னார், கன்ஃபெஷன் நேரம் இதெல்லாம் போட்டிருந்தா அது ஆங்கிலோ கத்தோலிக்க சபை, அதாவது கத்தோலிக்க முறையை ஒட்டி ஆராதனை நடத்துற ஆங்கிலிக்கன் சபை. ஆல்ஃபா கோர்ஸ், கிறிஸ்டியானிட்டி எக்ஸ்ப்ளோர்ட் மாதிரி விசுவாசத்தை அறிமுகப்படுத்துற வகுப்பு, ஹோம் குரூப், மிஷன் பார்ட்னர்ஸ், பிரசங்க ரெக்கார்டிங் வரிசையா ஒரே பைபிள் புத்தகத்துல இருந்து, இதெல்லாம் இருந்தா பெரும்பாலும் இவாஞ்சலிக்கல். ஆல்ஃபாவை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அது லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் சர்ச்ல ஆரம்பிச்சதுதான், ஆனா இப்ப எல்லா விதமான சபையும் நடத்துறாங்க.

இவாஞ்சலிக்கல் உள்ளயே ரெண்டு மூணு வகை இருக்கு. லண்டன் செயின்ட் ஹெலன்ஸ் பிஷப்ஸ்கேட், ஆக்ஸ்ஃபோர்ட் செயின்ட் எப்ஸ் மாதிரி இடங்கள்ல வசனத்தை வரி வரியா விளக்கி அரை மணி நேரம் பிரசங்கம், பாட்டு அளவா இருக்கும். பிராம்ப்டன் வழியில வந்த சபைகள்ல பேண்ட், கை தூக்கி ஆராதனை, ஆவியின் வரங்களுக்காக ஜெபம், பாதிரியார் ஜீன்ஸ் போட்டுக்கிட்டு வருவார். நடுவுல பிபிசி கட்டடத்துக்கு பக்கத்துல இருக்கற ஆல் சோல்ஸ் லாங்கம் பிளேஸ் மாதிரி, ஜான் ஸ்டாட் 1950ல இருந்து 1975 வரைக்கும் ரெக்டரா இருந்த இடம், பிரசங்கமும் பலமா இருக்கும், ஆர்கெஸ்ட்ராவும் இருக்கும். எனக்கு எது பிடிக்கும்னு நான் சொல்லல, ஆனா சி.எஸ்.ஐ பாமாலையில வளர்ந்தவங்களுக்கு மூணாவது வகைதான் சட்டுனு ஒட்டும்னு நெனக்கிறேன்.

பெரிய சர்ச் பேரா சொல்றேனே, சின்ன ஊர்ல இருக்கறவங்க என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதுக்கு ஒரு வழி இருக்கு. இங்க ஒவ்வொரு பேரிஷுக்கும் பேட்ரன்னு ஒருத்தர் இருப்பாங்க, விகார் நியமனத்துல பேர் முன்மொழியற உரிமை அவங்களுக்கு. சில இடத்துல பிஷப், சில இடத்துல ஒரு காலேஜ், சில இடத்துல ஒரு பிரபு குடும்பம். உங்க பக்கத்து சர்ச்சோட பேட்ரன் சிமியன்ஸ் டிரஸ்டீஸ், சி.பி.ஏ.எஸ், சர்ச் சொசைட்டி டிரஸ்ட்னு இந்த இவாஞ்சலிக்கல் அமைப்புகள்ல ஏதாவது ஒண்ணா இருந்தா அது இவாஞ்சலிக்கல் வழியில வந்த சபைன்னு நம்பி ஒரு தடவை போய் பாக்கலாம். நூத்துக்கு நூறு உறுதி கிடையாது, ஆனா நல்ல அடையாளம்.

இந்த சிமியன் யாருன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது. சார்ல்ஸ் சிமியன் 1782ல கேம்பிரிட்ஜ் ஹோலி டிரினிட்டிக்கு வந்தப்போ சபையாருக்கு அவரை பிடிக்கல. அந்தக் காலத்துல குடும்பம் குடும்பமா பெஞ்சுக்கு கதவும் பூட்டும் இருக்கும், அவங்க பெஞ்சை பூட்டிட்டு போயிட்டாங்க, பிரசங்கம் கேக்க வந்தவங்க நடைபாதையில நின்னாங்க. சிமியன் சொந்த காசுல சேர் வாங்கிப் போட்டார், சர்ச் வார்டன்கள் அதைத் தூக்கி வெளிய எறிஞ்சாங்க. அவரு அசரல, 1836ல சாகுற வரைக்கும் 54 வருஷம் அதே சர்ச்ல இருந்தார். அவரால எழும்பின வாலிபர்கள்ல ஒருத்தர் டேனியல் காரி, 1835ல மெட்ராஸோட முதல் பிஷப் ஆனது அவர்தான். நல்ல போதகர் போனப்புறம் சபை கைமாறிடக் கூடாதுன்னு பேட்ரன் உரிமைகளை காசு குடுத்து வாங்கி ஒரு டிரஸ்ட்ல வச்சுட்டுப் போனார், அதைத்தான் மேல சொன்னேன், இன்னைக்கும் நடக்குது.

போறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்து அந்த சர்ச் வெப்சைட்ல ரெண்டு பிரசங்கம் கேளுங்க, ஒண்ணு போதாது, ஒண்ணு விருந்தினர் பிரசங்கியா இருக்கலாம். கேக்கும்போது ஒரே விஷயம் கவனிங்க, வாசிச்ச வேதபகுதி என்ன சொல்லுதோ அதுதான் பிரசங்கத்தோட மையமா, இல்ல பகுதியை வாசிச்சு ஓரமா வச்சுட்டு வேற எங்கயோ போறாங்களா. சிலுவை, மனந்திரும்புதல், உயிர்த்தெழுதல் இதெல்லாம் வெக்கப்படாம வருதா. பேச்சு நல்லா இருக்கா, ஜோக் நல்லா இருக்கா அதெல்லாம் அப்புறம்.

முதல் ஞாயிறு

ஆராதனை பத்து மணி இல்ல பத்தரைன்னா அதே நேரத்துக்குத்தான் தொடங்கும், நம்ம ஊர் மாதிரி ரெண்டாம் மணி அடிச்சப்புறம் கெளம்பலாம்னு நெனச்சா முதல் ரெண்டு பாட்டு போயிடும். வெள்ளை சட்டை, பட்டு சேலை எதுவும் தேவை இல்ல, உடுத்துனாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வாசல்ல கழுத்துல பேட்ஜ் மாட்டின ஒருத்தர் நின்னு "புதுசா வந்திருக்கீங்களா"ன்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லுங்க, சும்மா சிரிச்சுட்டு உள்ள போயிடாதீங்க, அந்த ஆளோட வேலையே உங்களை நாலு பேருக்கு அறிமுகப்படுத்துறதுதான்.

ஆராதனை முறை பாதி தெரிஞ்சதாத்தான் இருக்கும். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், பரிந்துரை ஜெபம், எல்லாம் காமன் வர்ஷிப்னு 2000ல வந்த முறைப்படி ஸ்கிரீன்ல ஓடும். பிள்ளைங்க ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் எந்திச்சு தனி ரூமுக்கு போயிடுவாங்க, நம்ம ஓய்வுநாள் பள்ளி ஆராதனை நேரத்துலயே நடக்குதுன்னு வச்சுக்கோங்க. சமாதானம் சொல்லி கை குலுக்குற இடம் வரும், அதைப் பாத்து யாராவது மாடர்ன் பழக்கம்னு சொன்னா சிரிச்சுக்கோங்க, 1950ல வந்த சி.எஸ்.ஐ நற்கருணை முறையில அது திரும்ப வந்ததைப் பாத்துத்தான் உலகத்துல நிறைய சபைகள் எடுத்துக்கிட்டாங்க.

முடிஞ்சதும் ஓடாதீங்க. இதைத்தான் பெரிய எழுத்துல எழுதணும். நம்ம ஊர்ல ஆராதனை முடிஞ்சா மரத்தடியில நின்னு பேசுவோம், இங்க அந்த மரத்தடி ஹாலுக்குள்ள இருக்கு. பின்னாடி ஒரு ஜன்னல் கவுன்ட்டர், அதுல ரெண்டு அம்மாமார் பெரிய அலுமினிய டீ பாத்திரத்துல இருந்து வெளிர் பச்சை கப்புல ஊத்தி வரிசையா வச்சுக்கிட்டே இருப்பாங்க, பக்கத்துல தட்டுல பிஸ்கட். டீ நமக்கு தண்ணி மாதிரிதான் இருக்கும், பரவாயில்ல, கப்பை கையில வச்சுக்கிட்டு கால் மணி நேரம் நில்லுங்க. யாரும் வந்து பேசலைன்னா தனியா நிக்கிற இன்னொரு ஆள்கிட்ட நீங்க போங்க, அவரும் புதுசாத்தான் இருப்பார். வெதர் பத்தி பேசுறது நேரத்தை வீணடிக்கிறது இல்ல, இங்க பேச்சு அங்க இருந்துதான் தொடங்கும்.

அப்புறம் விகாரை ஐயான்னும் பாஸ்டர்னும் கூப்பிட வேண்டாம், பேரைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க, வாலிபப் பையனும் "ஹாய் டேவிட்"ம்பான். முதல்ல நாக்கு கூசும். நம்ம ஊர் சேகர ஐயர் மாதிரி வீடு வீடா வந்து ஜெபம் பண்ணிட்டுப் போவார்னு காத்துக்கிட்டும் இருக்காதீங்க, அவருக்கு சில இடத்துல நாலஞ்சு சர்ச் இருக்கும். நீங்களே ஒரு ஈமெயில் போட்டு சாப்பிட கூப்பிடுங்க, சந்தோஷமா வருவார், காரம் மட்டும் பாத்துப் போடுங்க.

ஒரே வாரத்துல நட்பு வந்துடாது. வெள்ளாளன்விளையில பிறந்த வி.எஸ். அசரியா 1910ல எடின்பரோ மிஷனரி மாநாட்டுல நின்னு, நீங்க எங்களுக்காக உங்க சொத்தையெல்லாம் குடுத்தீங்க, உயிரையும் குடுத்தீங்க, ஆனா எங்களுக்கு அன்பு வேணும், நண்பர்களைத் தாங்கன்னு கேட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு அவரே தோர்னக்கல் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப். அவர் கேட்டதை இன்னைக்கும் கேக்க வேண்டியதாத்தான் இருக்கு, ஆனா இங்க உள்ளவங்க பாதி பேர் மனசில்லாம ஒதுங்கல, உங்க பேரை தப்பா சொல்லிடுவோமோன்னு பயந்து ஒதுங்குறாங்க. பேரை மெதுவா ரெண்டு தடவை சொல்லிக் குடுங்க, போன வாரம் சொன்னது மறந்திருந்தா திரும்பவும் சொல்லுங்க.

பேரை ரோல்ல சேருங்க

இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சர்ச் எலக்டோரல் ரோல்னு ஒண்ணு இருக்கு, நம்ம ஊர் சபை வாக்காளர் பட்டியல் மாதிரி. பல வருஷமா அதே சர்ச்சுக்குப் போற நம்ம ஆளுங்ககிட்ட ரோல்ல பேர் இருக்கான்னு கேட்டா, அப்படின்னா என்னன்னு கேப்பாங்க. யாரும் வந்து சேர்த்துக்கோங்கன்னு கெஞ்ச மாட்டாங்க, நோட்டீஸ் போர்டுல ஒரு ஃபாரம் தொங்கும், அவ்வளவுதான்.

யார் சேரலாம்? ஞானஸ்நானம் வாங்கியிருக்கணும், 16 வயசு ஆயிருக்கணும். அந்த பேரிஷ் எல்லைக்குள்ள குடியிருந்து, சர்ச் ஆஃப் இங்கிலாந்துலயோ ஆங்கிலிக்கன் ஐக்கியத்து சபை ஒண்ணுலயோ அங்கமா இருந்தா வந்த உடனேயே சேரலாம், அதாவது சி.எஸ்.ஐ ஆளுங்க ஆறு மாசம் காத்திருக்க வேண்டியது இல்ல. எல்லைக்கு வெளிய குடியிருந்தா ஆறு மாசம் அந்த சர்ச்சுக்கு தவறாம வந்திருக்கணும். இதுக்குத்தான் எது உங்க பேரிஷ்னு குறிச்சு வைக்க சொன்னேன். ஃபாரத்துல எந்தக் கட்டத்துல டிக் பண்றதுன்னு தெரியலைன்னா எலக்டோரல் ரோல் ஆஃபீசர்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்ககிட்ட கேளுங்க, ஊர் சபையில இருந்து திடப்படுத்தல் சர்டிபிகேட் எதுவும் கேக்க மாட்டாங்க, கையெழுத்துதான் அறிக்கை. சந்தா கட்டினாத்தான் ஓட்டுன்னு எதுவும் கிடையாது.

ரோலை ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா அழிச்சுட்டு புதுசா எழுதுவாங்க, 2025ல எழுதினாங்க, அடுத்தது 2031. அந்த சமயத்துல ஏற்கனவே பேர் இருந்தாலும் திரும்ப ஃபாரம் குடுக்கணும்.

சேர்ந்தா என்ன கிடைக்கும்? வருஷா வருஷம் மே 31க்குள்ள வருடாந்தர சபைக் கூட்டம் நடத்தியே ஆகணும், அதுல நீங்க ஓட்டு போடலாம், கேள்வி கேக்கலாம், கணக்கைப் பாக்கலாம். ஆறு மாசம் ரோல்ல இருந்து நற்கருணை தவறாம எடுக்கறவங்க பி.சி.சி, அதாவது சபை கமிட்டிக்கே நிக்கலாம். தேர்தல்னதும் நம்ம டயோசிஸ் தேர்தல் ஞாபகம் வந்து பயந்துடாதீங்க, இங்க பெரும்பாலும் எட்டு இடத்துக்கு அஞ்சு பேர்தான் கை தூக்குவாங்க, கார்ல ஆள் ஏத்திட்டு வர்றது, கோர்ட்டு கேஸ் எதுவும் இல்ல. ஆனா அந்த கமிட்டிதான் மிஷனுக்கு எவ்வளவு, பிள்ளைங்க ஊழியத்துக்கு ஆள் வைக்கலாமா, ஹால் யாருக்கு வாடகைக்கு விடலாம்னு முடிவு பண்ணுது. தமிழ் ஐக்கியம் மத்தியானம் நடத்த ஹால் கேக்குறவங்க கமிட்டியில ஒருத்தர் உக்காந்திருந்தா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

ஹோம் குரூப்

ஞாயிறு மட்டும் போனா எத்தனை வருஷம் ஆனாலும் முகம் தெரியும், பேர் தெரியாது. புதன் இல்ல வியாழன் சாயங்காலம் யாரோ ஒருத்தர் வீட்ல எட்டு பத்து பேர் கூடுவாங்க, அதுல சேருங்க. ஷிப்ட் வேலை பாக்குற நர்ஸுங்க வாராவாரம் வர முடியாதுன்னு முதல்லயே சொல்லிடலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

நம்ம வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் உண்டு. பிரசங்கியார் கிடையாது, பாட்டு சில இடத்துல கிடையவே கிடையாது. ஒரு பகுதியை வாசிச்சுட்டு லீடர் கேள்வி கேப்பார், பவுல் ஏன் இங்க "ஆகையால்"னு சொல்றார், அப்படின்னு. எல்லாரும் பைபிளை குனிஞ்சு பாப்பாங்க, ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது, அந்த அமைதி நமக்கு ஒரு மாதிரியா இருக்கும், உடனே சாட்சி சொல்லி நெரப்பணும்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. வசனத்துல இருந்து ஒரு வரி சொன்னா போதும், தப்பா இருந்தாலும் யாரும் சிரிக்க மாட்டாங்க. கடைசியில ஜெப விண்ணப்பம் கேப்பாங்க, அப்ப அவங்க சொல்றதைப் பாருங்க, "வர்ற செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ஸ்கேன்", "பக்கத்து வீட்டுக்காரரை கேரல் சர்வீஸுக்கு கூப்பிட தைரியம் வேணும்". நாம "குடும்பத்துக்காக, வேலைக்காக"ன்னு பொதுவா முடிச்சுடுவோம். விசா புதுப்பிக்கிற பயம், ஊர்ல விட்டுட்டு வந்த பிள்ளை, மேனேஜர் பண்ற தொந்தரவு, எதுவோ அதை அப்படியே சொல்லுங்க, அடுத்த வாரம் அதைப் பத்தி விசாரிப்பாங்க பாருங்க. ஜெபம் ஆளுக்கு ரெண்டு மூணு வரி, மாத்தி மாத்தி. நாம பத்து நிமிஷம் ஜெபிச்சா அடுத்தவங்களுக்கு இடம் இருக்காது. இங்கிலீஷ் வரலைன்னா தமிழ்ல ஜெபிக்கட்டுமான்னு கேளுங்க, ஆமென் சொல்லத்தான் செய்வாங்க.

ஊழியத்துல சேரணும்னா

ரோட்டாதான் இங்க எல்லாம். வேதம் வாசிக்க, பரிந்துரை ஜெபம் நடத்த, டீ ஊத்த, சவுண்ட் பாக்க, எல்லாத்துக்கும் பட்டியல் இருக்கும், ஆப்ல வரும். முதல்ல டீ ரோட்டாவுல சேருங்க, அங்கதான் எல்லாருமே வருவாங்க. வேதம் வாசிக்க கூப்பிட்டா என் ஆக்சென்ட்டுன்னு மறுக்காதீங்க, மெதுவா வாசிச்சா எல்லாருக்கும் புரியும்.

பிள்ளைங்க ஊழியம் மட்டும் உடனே கிடைக்காது. ஊர்ல இருபது வருஷம் வி.பி.எஸ் நடத்தினவங்களா இருந்தாலும் டி.பி.எஸ் செக் (குற்றப் பின்னணி சோதனை), ரெண்டு பேரோட ரெஃபரன்ஸ், ஆன்லைன்ல சேஃப்கார்டிங் (பிள்ளைங்க பாதுகாப்பு) பயிற்சி எல்லாம் முடிச்சாத்தான் விடுவாங்க, தொண்டரா பண்றவங்களுக்கு டி.பி.எஸ் காசு இல்ல. நம்மளை சந்தேகப்படுறாங்களேன்னு சிலர் மனசு கஷ்டப்படுறாங்க. படாதீங்க. ஜான் ஸ்மைத்ங்கற ஆளு இவாஞ்சலிக்கல் கேம்ப் நடத்துற கூட்டத்துக்குள்ளயே இருந்து பையன்களை கொடூரமா அடிச்சு வதைச்சதும், தெரிஞ்சவங்க பல வருஷம் மறைச்சதும் 2024 நவம்பர்ல வந்த மேக்கின் அறிக்கையில வெளிப்படையா வந்துச்சு, அதுக்கு சில நாள்ல அப்போ கேண்டர்பரி ஆர்ச்பிஷப்பா இருந்த ஜஸ்டின் வெல்பியே ராஜினாமா அறிவிச்சார். அதுக்கப்புறமும் ஒரு சர்ச் செக் பண்ணாம பிள்ளைங்களை உங்க கையில குடுத்தா, அந்த சர்ச்சைத்தான் சந்தேகப்படணும்.

காணிக்கை பை பல இடத்துல சுத்தியே வராது. பேங்க்ல மாசா மாசம் போற மாதிரி வச்சுடுவாங்க. நீங்க இங்க வரி கட்டுறவங்கன்னா கிஃப்ட் எய்ட் ஃபாரம் ஒண்ணு எழுதிக் குடுங்க, நீங்க குடுக்குற ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கம் சர்ச்சுக்கு சேர்த்துக் குடுக்கும், மாசம் 40 பவுண்ட் குடுத்தா சர்ச்சுக்கு 50 போகும். உங்களுக்கு கூடுதல் செலவு எதுவும் இல்ல.

ஞானஸ்நானம், ஸ்கூல், பண்டிகை

குழந்தைக்கு ஞானஸ்நானம்னா முன்னாடியே விகார்கிட்ட பேசுங்க, இவாஞ்சலிக்கல் சபையில பெற்றோரை ரெண்டு மூணு தடவை உக்கார வச்சு பேசிட்டுத்தான் தேதி குடுப்பாங்க. ஞானப் பெற்றோர் மூணு பேர் வேணும், அவங்க ஞானஸ்நானம் வாங்கினவங்களா இருக்கணும், அதனால ஆஃபீஸ் ஃபிரண்ட்ஸ்ல யாரையாவது வாக்கு குடுத்து வச்சுடாதீங்க. கல்யாணம்னா விசாவுல இருக்கறவங்களுக்கு சர்ச்ல ஓலை வாசிக்கிற முறை செல்லாது, அதுக்குப் பதிலா ரெஜிஸ்டர் ஆஃபீஸ்ல நோட்டீஸ் குடுக்கணும்.

சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஸ்கூல் அட்மிஷனுக்கு விகார் கையெழுத்து வாங்குறதுக்காகவே வர்ற குடும்பங்கள் உண்டு, நம்மாளுங்களும் உண்டு, விகாருக்கும் அது தெரியும். அப்படி வந்து நிஜமாவே மனந்திரும்பினவங்களும் இருக்காங்க, அதனால நான் குறை சொல்ல மாட்டேன். கையெழுத்து வாங்கின மறு வாரம் காணாமப் போறதுதான் அசிங்கம்.

பண்டிகையில கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும், முன்னாடியே சொல்லிடுறேன். கிறிஸ்மஸுக்கு விடியக்காலம் நாலு மணி ஆராதனை கிடையாது, காலைல பத்து மணிக்கு, பல சர்ச்ல முந்தின நாள் நடுராத்திரி ஒண்ணு. வருஷப் பிறப்பு ராத்திரி பெரும்பாலான சர்ச் பூட்டிக் கெடக்கும், வாக்குத்தத்த அட்டையும் கெடையாது. பெரிய வெள்ளிக்கு மூணு மணி நேரம் ஏழு வார்த்தை எதிர்பாக்காதீங்க, ஒரு மணி நேரத்துல முடியும். ஆனா டிசம்பர்ல கேரல் சர்வீஸுக்கு வருஷம் முழுக்க வராத ஜனங்க வந்து நெறைவாங்க, சுவிசேஷம் சொல்ல அதைவிட நல்ல நாள் இங்க கெடையாது, உங்க கூட வேலை பாக்குறவங்களை அன்னைக்குக் கூப்பிடுங்க.

சண்டைகளைப் பத்தி

வந்த கொஞ்ச நாள்லயே காதுல விழும். 2023 பிப்ரவரில ஜெனரல் சினாட், அதாவது சர்ச் ஆஃப் இங்கிலாந்தோட சட்டம் இயற்றுற சபை, ஒரே பால் ஜோடிகளுக்காக ஜெபம் பண்ற முறைக்கு வழி விட்டுச்சு, அந்த டிசம்பர்ல இருந்து வழக்கமான ஆராதனைக்குள்ள அந்த ஜெபங்களைப் பயன்படுத்தலாம்னு பிஷப்மார் சொன்னாங்க. அதை எதிர்க்கிற இவாஞ்சலிக்கல் சபைகள் சி.இ.இ.சி (சர்ச் ஆஃப் இங்கிலாந்து இவாஞ்சலிக்கல் கவுன்சில்) மாதிரி அமைப்புகள் மூலமா ஒண்ணா நிக்கிறாங்க, சில சபைகள் டயோசிஸுக்குப் போற பணத்தை வேற வழியில திருப்பியிருக்காங்க. உலக அளவுல 2008ல ஜெருசலேம்ல தொடங்கின காஃப்கான்ங்கற பழமைவாத ஆங்கிலிக்கன் அமைப்பு இருக்கு, அதுல ஆப்பிரிக்க சபைகள்தான் பலம். பெண் குருமார் விஷயத்துலயும் இவாஞ்சலிக்கல் ஆட்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு.

உங்க சர்ச் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னா விகார்கிட்ட தனியா நேரம் வாங்கி நேராவே கேளுங்க, நல்ல விகார் மழுப்ப மாட்டார். டீ கவுன்ட்டர்ல நின்னு கேக்காதீங்க. இன்னொண்ணு, இந்த செய்திகளை யூட்யூப்ல மட்டும் பாத்தா சர்ச் ஆஃப் இங்கிலாந்தே நாளைக்கு இடிஞ்சு விழப்போற மாதிரி இருக்கும், அதே வாரத்துல உங்க ஹோம் குரூப்ல ஒரு ஈரான்காரர் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கிட்டு இருப்பார், அது எந்த நியூஸ்லயும் வராது. ரெண்டையும் சேர்த்துத்தான் ஜெபிக்கணும்.

அந்த மாதிரி செய்திகளை ஊர் சபைக்கும் எழுதி அனுப்புங்க. மாசம் ஒரு வாட்ஸ்அப் போதும், சர்ச் கட்டடத்தோட ஃபோட்டோ மட்டும் இல்லாம, யார் வந்தாங்க, எதுக்காக ஜெபிக்கணும், எந்த ஜெபத்துக்கு பதில் கெடச்சுதுன்னு நாலு வரி. அடுத்தவங்க சொந்த விஷயம்னா பேரைப் போடாதீங்க, கேட்டுட்டு எழுதுங்க. ஆண்கள் ஐக்கிய சங்கத்துல அதை வாசிச்சு ஜெபிப்பாங்க, அங்க இருந்து இங்க அடுத்து வரப்போற பிள்ளைக்கும் எங்க போறதுன்னு தெரியும்.

குருமார் யாராவது இதைப் படிச்சா: சி.எஸ்.ஐ குருவானவரா அபிஷேகம் வாங்கினவங்க இங்க வந்த உடனே நற்கருணை ஆராதனை நடத்திட முடியாது, வெளிநாட்டு குருமார் பத்தின 1967 சட்டப்படி ஆர்ச்பிஷப்கிட்ட அனுமதி வாங்கணும், அதோட உள்ளூர் பிஷப்கிட்டயும். பிரியத்துல கூப்பிட்டாங்கன்னு நடத்திட்டு அப்புறம் கூப்பிட்டவங்களுக்கு சங்கடம் உண்டாக்க வேண்டாம், டயோசிஸ் ஆஃபீஸுக்கு முதல்லயே எழுதுங்க.

வேற ஊருக்கு வீடு மாறினா பழைய சர்ச் ரோல் ஆஃபீசருக்கு ஒரு வரி எழுதி பேரை எடுக்கச் சொல்லிட்டு, விகார்கிட்ட புது ஊர்ல எந்த சர்ச் நல்லதுன்னு கேளுங்க, அவங்களுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் தெரியும், பெரும்பாலும் அங்க இருக்கற விகாருக்கு அவரே ஃபோன் பண்ணி சொல்லிடுவார்.